பிரித்துப் போட்ட பதினோரு மோட்டார்

மிக்கேலம்மாள் என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, என்னைப் பெண் பார்க்க ஆள் வந்த வாரத்தில். தருமபுரி தனி மாவட்டமாகி ஒரு வருசம் இருக்கும். எனக்குப் பதினெட்டு வயது. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது ரோசம்மாள் பெரியம்மா, என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா.

"பையன் பேரு பெரியநாயகம். கம்பைநல்லூர் பக்கம் காடு இருக்குது, கெணறு இருக்குது. மூத்தவன் பிலவேந்திரனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, மொரப்பூர்ல மோட்டாரு கட்டற பட்டற வச்சிருக்கான். நடுவுல ஒரு பொண்ணு, மிக்கேலம்மா."

"அந்தப் பொண்ண எந்த ஊர்ல குடுத்திருக்குது?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னும் குடுக்கல."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அக்காக்காரி வூட்ல இருக்கயில தம்பிக்குப் பொண்ணு பாக்கறாங்களா? ஏங்க்கா, அந்தப் புள்ளைக்குக் கை கால்ல ஏதாச்சும் கொறையா?"

"அடப் போடி. அது அண்ணனோட சேந்து மோட்டாரு கட்டுது."

"பொம்பளப் புள்ளயா? கரண்டுலயா?"

"எரிஞ்சு போன மோட்டார்லடி. அது எங்க போயி அடிக்கும்?"

அம்மா அரை மனதாகத்தான் சம்மதித்தாள். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போனபோது மிக்கேலம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. என் புருசனுக்கு அக்கா, அதனால் எனக்கு அண்ணி. பிலவேந்திரன் எனக்கு மூத்தார். மாமா என்று கூப்பிடுவேன்.

அண்ணி அந்த வேலைக்கு வந்தது தற்செயலாகத்தான். மாமா கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் நான்கு வருசம் இருந்து தொழில் கற்றுக்கொண்டு வந்து, மொரப்பூர் ரயிலடிக்குப் போகிற தெருவில் தகரக் கொட்டகை போட்டார். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பொங்கிப் போட ஆள் வேண்டும் என்று என் மாமனார் சவரி தன் மகளை அனுப்பி வைத்தார். சோறு வடித்த பிறகு மீதிப் பொழுதுக்கு என்ன செய்வது? அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பிக்கு அடியில் வைக்கிற காகிதம் நறுக்கிக் கொடுத்தார். பிறகு கம்பி சுற்றினார். இரண்டு வருசத்தில் அண்ணனைவிடக் கை சுத்தம்.

மோட்டார் கட்டுவது என்றால் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அதைப் பிரித்து, உள்ளே கருகிப் போன செம்புக் கம்பிக் கட்டுகளை வெட்டி எடுக்க வேண்டும். அந்தக் கட்டுக்குக் காயில் என்று பெயர். பழைய காயில் ஒன்றை எடுத்து எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கணக்கில் புதுக் கம்பியை மர அச்சில் சுற்றி, உள்ளே இருக்கிற நீளப் பள்ளங்களில் இறக்க வேண்டும். ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்கு ஒரு காயிலுக்கு ஐம்பத்தெட்டு சுற்று என்றால் ஐம்பத்தெட்டுதான். குறைந்தால் மோட்டார் சூடேறி மறுபடி எரியும். கூடினால் பள்ளத்தில் இறங்காது. மோட்டாருக்கு மோட்டார் கம்பியின் கனம் வேறு, அச்சு வேறு, கணக்கு வேறு.

அண்ணி மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எண்ணுவதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்ததும் ஜெபமாலை சொல்வோம். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாகக் கோத்திருக்கும். ஒருவர் மணி உருட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் யார் வந்து நின்றாலும் கூப்பிடக் கூடாது. அந்தப் பத்து முடிகிற வரைக்கும் பொறுக்க வேண்டும். முடித்துவிட்டு எழுந்து போய் என்ன ஏது என்று கேட்டுவிட்டு வந்து, அடுத்த பத்திலிருந்து தொடங்கலாம். பாதிப் பத்தில் எழுந்திருக்கிற பழக்கம் கிடையாது. அண்ணி அதையே பட்டறைக்கும் கொண்டுவந்தார். அச்சின் கைப்பிடியைச் சுற்றும்போது உதடு மட்டும் அசையும். யாராவது கூப்பிட்டால் அந்தப் பத்தை முடித்துவிட்டுத்தான் தலையைத் திருப்புவார். திரும்பி வந்ததும் அடுத்த பத்தில் தொடங்குவார். எந்தப் பத்தில் விட்டோம் என்பது அவருக்கு மறக்கவே மறக்காது.

முதலில் மாமாவே அதைக் காவல் காத்தார். யாராவது விவசாயி உள்ளே வந்து, "ஏம்மா மிக்கேலா, என்னுது ஆச்சா?" என்று கேட்டால், "இருங்க, இருங்க, தங்கச்சி பத்துல இருக்குது" என்பார். பட்டறைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் அது பழகிவிட்டது. "பத்துல இருக்குதாம்ப்பா, வா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று வெளியே போய்விடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரு மோட்டார்தான். மற்றவை பிரிக்காமல் சுவரோரம் வரிசையாக இருக்கும். வந்த வரிசைப்படி ஒவ்வொன்றின் மேலும் சுண்ணக்கட்டியில் எண் போட்டிருக்கும். இரண்டு நாளில் ஒரு மோட்டார் வெளியே போகும். "உங்களுது அஞ்சாவதுங்க. அடுத்த வெள்ளிக்கெழம வண்டி கட்டிக்கிட்டு வாங்க" என்று அண்ணி சொன்னால், வெள்ளிக்கிழமை வண்டியோடு வரலாம். அவசரம் என்றால், "பிரிக்காமத்தானுங்க வச்சிருக்குது, தருமபுரி எடுத்துக்கிட்டுப் போறதுன்னாலும் போங்க" என்று அவரே சொல்லிவிடுவார். யாரும் எடுத்துப் போனதில்லை. மிக்கேலம்மா சொன்ன நாள் என்றால் அந்த நாள்தான் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேச்சு இருந்தது. நானும் என் புருசனும் சந்தைக்குப் போனால், "மோட்டாரு கட்டற பொண்ணோட தம்பி" என்றுதான் அவரைச் சொல்வார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. அறுபத்தெட்டில் பெங்களூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். நல்ல ஆள், ஒரு தொழிற்சாலையில் வேலை. மாமனார் அப்போது தவறிப்போயிருந்தார், எல்லாம் மாமா பொறுப்பு. மாமாதான் தங்கையிடம் சொன்னார், நான் அடுப்பங்கரையில் இருந்து கேட்டேன்.

"நீ போயிட்டீன்னா பட்டற நின்னுடும் மிக்கேலு. ரெண்டே வருசம் பொறு. அப்புறம் நானே பாத்து முடிக்கறேன். அதுவரைக்கும் இது உன் பட்டற. எது வந்தாலும் நான் உன் பக்கம் நிப்பேன், போதுமா?"

அண்ணி சிரித்தார். "போதுண்ணா. அந்த மேசைய எனக்கு விட்டுடு, அது போதும்" என்றார்.

மாமாவுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. அண்ணிக்கு மட்டும் அந்த இரண்டு வருசம் முடியவே இல்லை. அதற்காக அண்ணி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியது அந்த மேசைதான். தான் கட்டிய மோட்டார் ஓடுகிறது, சொன்ன நாளில் போகிறது என்கிற பேர்தான்.

எழுபத்து மூன்றாம் வருசக் கோடை வந்தது. கரண்ட் பாதி நேரம் இருக்காது. இருக்கிற நேரத்திலும் விளக்கு மின்மினி மாதிரி எரியும். அந்தக் கரண்டில் மோட்டாரைப் போட்டால் முனகிக்கொண்டே சூடாகி எரிந்துபோகும். ஆனால் காடு காய்ந்துகொண்டிருக்கும்போது யார் போடாமல் இருப்பார்கள்? பட்டறை வாசலில் வண்டி வண்டியாக மோட்டார் வந்து இறங்கியது. அதே சமயம் கம்பைநல்லூரில் தஸ்தகீர் பாய் புதிதாக ஒரு பட்டறை திறந்தார். இரண்டு மூன்று பேர் மொரப்பூர் வந்து வரிசையைப் பார்த்துவிட்டு அங்கே போய்விட்டார்கள்.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் அண்ணி பட்டறைக்குள் போனபோது சுவரோரம் இருந்த மோட்டார் அத்தனையும் பிரித்துக் கிடந்தன. பழைய காயிலெல்லாம் வெட்டிக் குப்பையாகக் கிடந்தது, மோட்டார்கள் வெறும் இரும்புக் கூடாக நின்றன. நான் ஊரிலிருந்து பஸ்ஸில் மத்தியானச் சோறு கொண்டு போனபோதும் இருவரும் அதே பேச்சில்தான் இருந்தார்கள்.

"ஏண்ணா இப்படிப் பண்ணுன?"

"பிரிச்சிட்டா அவன் எங்க போவான்? வெறுங்கூட்டத் தூக்கிக்கிட்டுப் போயி பாய்கிட்டக் குடுத்தா, பழைய காயிலு எங்கன்னு கேப்பாரு. எத்தன சுத்து, எந்தக் கம்பி, அவருக்கு ஒண்ணும் தெரியாது. எண்ணி வச்ச கணக்கு நம்மகிட்டத்தான் இருக்குது. இனிமே வந்ததும் பிரிக்கறது, அதான் ஏற்பாடு."

"பதினொண்ணு கெடக்குது."

"பதினொண்ணுலயும் கை வையி. எவன் வந்து எட்டிப் பாத்தாலும் அவனோடதுல ரெண்டு காயிலு புதுசா எறங்கியிருக்கணும். வேல நடக்குதுன்னு தெரிஞ்சா பேசாம போயிடுவான்."

அண்ணி ஒரு மோட்டார்க் கூட்டின் மேல் உட்கார்ந்தார். "அண்ணா, நான் சொல்றதக் கேளு. ஒண்ண முடிச்சிட்டு ஒண்ணு எடுத்தா ரெண்டு நாளைக்கு ஒண்ணு போவும். மொத ஆளு ரெண்டு நாள்ல தண்ணி பாச்சுவான். கடைசி ஆளு இருவத்திரண்டு நாளு காத்திருப்பான். நீ சொல்றபடி பதினொண்ணுலயும் கை வச்சா, பதினோரு பேருமே மாசக் கணக்குல காத்திருப்பாங்க. ஒரு கெணறும் ஓடாது."

"கணக்கு வாத்தியாரு வந்துட்டாங்கப்பா!"

"அச்சு மாத்தணும், கம்பி மாத்தணும், இது எத்தன சுத்துன்னு நெனப்புக்குக் கொண்டு வரணும். ஒரு மோட்டார விட்டு இன்னொண்ணுக்குப் போறதுலயே பாதிப் பகலு போயிடுது. போற தடவயெல்லாம் போவுது."

"அப்ப வெரசா பண்ணு" என்றார் மாமா.

அண்ணி சொன்னபடிதான் நடந்தது. முன்பெல்லாம் மூன்று வாரத்தில் ஒன்பது மோட்டார் போகும். அந்தக் கோடையில் மூன்று வாரத்தில் இரண்டே இரண்டுதான் போயின. போன இடத்தில் புதிதாக இரண்டு வந்து பிரிந்து கிடந்தன. எப்போது போனாலும் பதினொன்று. அண்ணியைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அங்கே இரண்டு காயில், இங்கே மூன்று காயில் என்று அந்தத் தகரக் கொட்டகைக்குள் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார். பொழுது சாய்ந்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்தால் ஜெபமாலையைக் கையில் வைத்தபடியே தூங்கிப்போவார்.

விவசாயிகளின் பேச்சும் மாறிவிட்டது. "ஏம்மா, முன்ன நாள் சொன்னா நாள் தப்பாது, இப்ப என்ன பெரிய ஆளாயிட்டயா?" என்று ஒருவர். "பத்துல இருக்குதா, இல்ல பதினொண்ணுல இருக்குதா?" என்று இன்னொருவர். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொள்வார். வந்ததும் பிரிப்பது அண்ணன் ஏற்பாடு என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்று சென்னப்பனுடையது. சென்னப்பன் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், மெதுவான மனிதர். ஒன்றரை ஏக்கரில் மிளகாய் போட்டிருந்தார். பூவும் பிஞ்சுமாக நின்றது, தண்ணீர் இல்லை. பக்கத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து சால் சாலாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவர் வந்து ஒன்றும் கேட்காமல் மேசைக்கு எதிரில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். அண்ணிதான் கேட்டார்.

"செடி எப்படிங்க இருக்குது?"

"இலை தொங்கிடுச்சு தாயி. இன்னும் நாலு நாளு தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

"திங்கக்கெழம வண்டியோட வாங்க. நான் சொல்றேன்."

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுக்க அண்ணி அந்த ஒரு மோட்டாரில் மட்டும் கை வைத்தார். மாமா இரண்டு மூன்று தடவை கூப்பிட்டும் வேறு பக்கம் போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மறுபடி உட்கார்ந்தார். திங்கட்கிழமை மத்தியானம் நான் சோற்றுக் கூடையோடு போனபோது கடைசிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் ஓரமாக நின்றேன்.

அப்போது மாதப்பன் வண்டியோடு வந்தார். அவருடைய மோட்டாரும் மூன்று வாரமாகப் பிரிந்து கிடந்தது. "வெறுங்கூடா இருந்தாலும் பரவால்ல, குடு, நான் பாய்கிட்டப் போறேன்" என்று கத்தினார்.

"மிக்கேலு, மாதப்பண்ணன் வந்திருக்காரு. அவரோடதுல கை வையி" என்றார் மாமா.

அண்ணி இடது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். பொறு என்று அர்த்தம்.

மாமா பொறுக்கவில்லை. வந்து கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார். அத்தனை வருசத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. "கூப்பிடறது காதுல வுழுவலயா? ஆளு போறான்!"

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு எழுந்தார். மாதப்பன் மோட்டாருக்கு அச்சு மாற்றி, கம்பி மாற்றி, இரண்டு காயில் சுற்றி அவர் கண்ணெதிரே இறக்கினார். மாதப்பன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அண்ணி திரும்பி வந்து சென்னப்பன் காயிலில் உட்கார்ந்தார். கைப்பிடி நின்றபோது எண்ணிக்கை நாற்பத்து மூன்றில் இருந்திருக்கிறது. ஆனால் எழுந்தால் பத்தை முடித்துத்தான் எழுந்திருப்போம் என்பது அவருக்குப் பத்து வருசப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் ஐம்பது முடிந்ததாகவே நினைத்து, ஐம்பத்தொன்றிலிருந்து தொடங்கி ஐம்பத்தெட்டில் முடித்துவிட்டார்.

முடித்துக் காயிலைக் கையில் எடுத்ததும் நின்றார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணா, இதுல எனக்குச் சந்தேகமா இருக்குது. நீ நிறுத்துனப்ப பத்து முடிஞ்சுதா இல்லயான்னு தெரியல. பிரிச்சு எண்ணிப் பாக்கணும்."

"சென்னப்பன் வண்டி வாசல்ல நிக்குது. இத்தன காயில்ல ஒண்ணுல நாலு சுத்து முன்ன பின்ன இருந்தா ஒண்ணும் ஆவாது. எறக்கு."

"ஆவும்ணா."

"எறக்குன்னா எறக்கு. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் சொல்றேன், என் தப்புன்னு. அந்தோணியார் சாட்சி. போதுமா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். பிறகு காயிலை இறக்கினார்.

மோட்டார் மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் எரிந்தது. எரிந்த மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு சென்னப்பன் வந்தார். தனியாக வரவில்லை. வழியில் மாதப்பனும், மோட்டார் கொடுத்துவிட்டுக் காத்திருந்த இன்னும் ஐந்தாறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். சாப்பாட்டு நேரம். நானும் என் புருசனும் அங்கேதான் இருந்தோம். சென்னப்பன் கையில் வாடிய மிளகாய்ச் செடி ஒன்று இருந்தது. அதை மேசை மேல் வைத்துவிட்டு என்னென்னவோ கன்னடத்தில் சொன்னார். கோபத்தில் அவருக்குத் தமிழ் வரவில்லை.

அண்ணி மோட்டாரைப் பிரித்தார். அந்தக் கடைசிக் காயிலை இழுத்தெடுத்து, கருகிய கம்பியை ஒவ்வொரு சுற்றாக எல்லோர் முன்னாலும் எண்ணினார். ஐம்பத்தொன்று வந்தது.

"ஏழு சுத்து கொறையுது. என் கை சுத்துனதுதான்" என்றார்.

மாதப்பன் மாமா பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா பிலவேந்திரா, இப்படித்தான் எங்க மோட்டாரெல்லாம் கட்டி வச்சிருக்கீங்களா?"

மாமா முகம் ஒரு கணம் செத்துப்போனது. பிறகு, "நான் என்னங்க பண்றது? எண்ணிப் பாத்து எறக்குன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். பொம்பளப் புத்தி, கேக்கல. தங்கச்சியாச்சேன்னு விட்டு வச்சது என் தப்பு. இனிமே அது கை படாதுங்க, நானே கட்டித் தரேன்" என்றார்.

அண்ணி எழுந்து நின்றார். சத்தமில்லாமல்தான் கேட்டார். "பிரிச்சு எண்ணணும்னு நான் சொல்லலயாண்ணா?"

"எப்ப சொன்ன?"

அவ்வளவுதான் மாமா சொன்னது. அண்ணி என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கப் போனேன். என் புருசன் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். நான் கூடையிலிருந்த தூக்குப்போசியின் மூடியைச் சரி செய்தேன். சரியாகத்தான் மூடியிருந்தது.

அண்ணி கையில் ஒட்டியிருந்த கரியைப் புடவையில் துடைத்தார். "சரிங்க" என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்லிவிட்டு வெளியே போனார். மொரப்பூரிலிருந்து கம்பைநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு நடந்தே போயிருக்கிறார்.

வீட்டிலும் அவருக்கு ஆதரவு இல்லை. மாமியார் ஆரோக்கியம்மாளிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். மாமியார், "அவனுக்குப் புள்ளகுட்டி இருக்குது. பட்டறைக்குக் கெட்ட பேரு வந்தா குடும்பமே போயிடும். நீ ஒண்டி ஆளு, பொறுத்துக்க" என்றார். நான் சாயங்காலம் திரும்பியபோது அண்ணி மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"அண்ணி..."

"நீயும் இருந்த" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை.

ஏழு சுத்து மிக்கேலா என்று பேர் வைத்துவிட்டார்கள். சந்தையில், பஸ்ஸில், கோவில் வாசலில்கூட. ஒரு வருசம் அண்ணி காட்டு வேலைக்குப் போனார். சென்னப்பனின் ஒன்றரை ஏக்கர் மிளகாயும் போயே போய்விட்டது. அறுவடைக் காலத்தில் அண்ணி அவர் வீட்டுக்குப் போய், கூலி வேண்டாம், பத்து நாள் கடலை பிடுங்கித் தருகிறேன் என்று நின்றாராம். சென்னப்பன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

எழுபத்து நான்கில், தஸ்தகீர் பாயின் சம்சாரம் ஷரீபுன்னிசா பால் வாங்க எங்கள் வீட்டுக்கு வரப் போக இருந்தவர், அண்ணியிடம் பேச்சுக் கொடுத்தார். அடுத்த வாரமே பாயும் வந்தார்.

"கட்டற கை எனக்கு வேணும்மா. மறைச்சுப் பேச மாட்டேன், உங்க பேரச் சொன்னா எவனும் மோட்டார எறக்க மாட்டான். வூட்டுப் பின்னாடி ரூம்ல உக்காந்து கட்டுங்க. என் பேர்லதான் போவும். சம்மதமா?"

"பேரு வேணாங்க. ரெண்டே ரெண்டு கேக்கறேன். ஒண்ணு முடியாம இன்னொண்ணப் பிரிக்கக்கூடாது. சுத்தயில என்னய யாரும் கூப்பிடக்கூடாது."

"அவ்வளவுதானா? உள்ள என் சம்சாரம் இருக்குது. நானே அதைக் கூப்பிட பயப்படுவேன்."

மாமியார் குதித்தார். அண்ணனுக்குப் போட்டிக் கடையில் போய் உட்காருவதா என்று. "அவரு கடைல எனக்கு மேச இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அண்ணி போனார். இரண்டு நாளைக்கு ஒரு மோட்டார் அந்தப் பின்னறையிலிருந்து வெளியே போனது. தஸ்தகீர் பாய் கை ராசியான கை, சொன்ன நாளில் தருகிறார் என்று ஊரெல்லாம் பேசினார்கள். எழுபத்தாறில் சென்னப்பனே ஒரு மோட்டார் கொண்டுவந்தாராம். நாள் தவறாமல் வாங்கிக்கொண்டு, "மொரப்பூர்ல ஒரு பொம்பள என் காட்டயே எரிச்சிடுச்சுங்க பாய், உங்க கையிலதான் நம்பிக் குடுக்கறேன்" என்றாராம். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணி இருந்திருக்கிறார். ஷரீபுன்னிசாதான் என்னிடம் சொன்னார். அண்ணி கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லையாம், பத்தில் இருந்தாராம்.

மொரப்பூர்ப் பட்டறையில் மாமா இரண்டு ஆள் வைத்துப் பார்த்தார். அவர்களையும் அப்படியேதான் மோட்டாருக்கு மோட்டார் ஓட வைத்தார். பிரித்துப் போட்ட கூடுகள் வாசல் வரைக்கும் வந்துவிட்டன. வந்தவர்கள் தங்கள் மோட்டார் எது என்று தேடி எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். எழுபத்தெட்டில் மாமா என் புருசனைக் கம்பைநல்லூருக்கு அனுப்பினார். அக்காவைக் கூட்டி வா, பழையபடி ஒவ்வொன்றாகக் கட்டட்டும், நான் குறுக்கே வர மாட்டேன் என்று. அண்ணி தம்பிக்குச் சோறு போட்டு, அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னாராம்.

"எப்ப சொன்னன்னு கேட்டாரு. எப்ப சொன்னேன்னு அவருக்குத் தெரியும். அத அந்தாளுங்க முன்னாடி வந்து அவரு சொல்லட்டும். நான் அன்னிக்கே வரேன்."

என் புருசன் அதை அப்படியே வந்து சொன்னார். மாமா, "அது எப்படி முடியும்? இத்தன வருசம் கழிச்சு?" என்றார். அடுத்த வருசம் பட்டறையை மூடினார். சாகிற வரைக்கும் அவர் அதைச் சொல்லவில்லை. நான் சொல்லி எல்லாம் தெரிந்திருந்த என் புருசனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இப்போது இல்லை. அந்தத் திங்கட்கிழமை பட்டறையில் இருந்தவர்களில் அண்ணியும் நானும்தான் மீதி. நான் இதைச் சொல்லத் துணிந்தபோது, சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகளில் ஒருவரும் உயிரோடு இல்லை.

மிக்கேலம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது. கம்பைநல்லூரில், ஷரீபுன்னிசாவின் மகள் சுல்தானா வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.